குடையை விட்டுப் போன சாமி

ஆண்டவர் பேரில் நம்பிக்கை வைத்திருக்கிற என் சகோதர சகோதரிகளே, பூசை முடிந்து வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர். நானும் அப்படித்தான். ஆனாலும் என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்றால் அது எப்படி என்பதை இந்த அந்தோணியார் கோவிலிலேயே நின்று சொல்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். சொல்லாமல் போனால் அந்தோணியார் என்னைச் சும்மா விடமாட்டார். அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பேர் ஆரோக்கியம்மாள். ராயக்கோட்டை ரோட்டில், உத்தனப்பள்ளிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சின்னப்பன் கிணறு வெட்டுகிறவர். பாறை வந்துவிட்டால் வெடி வைப்பதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் எங்கள் ஊரை ஒட்டிய நிலத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, சூடாகக் களி தின்னலாம் என்று சந்தோஷப்பட்டார்.

வெடி வைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கீழே இருக்கிறவர் திரியைப் பற்றவைத்ததும் மேலே இருக்கிறவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். கீழிருந்து "வர்றேன்" என்று குரல் வந்த பிறகுதான் கயிற்றை இழுப்பார்கள். அன்றைக்கு என் மகள் செசிலி அப்பனுக்குக் களி கொண்டு போயிருந்தாள். பத்து வயசுப் பிள்ளை. மேலே இருந்த ஆட்கள் விளையாட்டாக, "நீ கூப்பிடு கண்ணு, உங்கப்பன் சீக்கிரம் வருவான்" என்றார்கள். இவள் "அப்பா" என்று கூப்பிட்டாள். "வர்றேன் கண்ணு" என்று அவரும் சொன்னார். கயிற்றை இழுத்தார்கள். திரி முந்திக்கொண்டது.

அதற்கு மேல் அந்தக் கிணற்றைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்கு முகத்தைக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் சரி என்றேன். அப்படிச் செய்ததால் அவளுக்கு அப்பன் செத்ததாகவே படவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வர்றேன் என்று சொன்ன அப்பன் இன்னும் வரவில்லை என்பதுதான்.

அன்றோடு செசிலி பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். வெயில் உச்சிக்கு ஏறியதும் எழுந்து நடந்து போய் அந்தக் கிணற்று மேட்டில் நின்றுவிடுவாள். வேலை அப்படியே நின்றுபோன கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை, ஓரமெல்லாம் சரிகிற மண். கோடை மழையில் கீழே கொஞ்சம் தண்ணீர் வேறு தேங்கியிருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்கள். உச்சி வேளையில் உள்ளேயிருந்து குரல் கேட்கிறது என்று சொன்னார்கள். நாம் விசுவாசிகள், அதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனால் கோவிலில் நின்று பொய் சொல்லவும் கூடாது. ஒரு நாள் அவளை இழுத்து வரப் போனபோது நானும் கேட்டேன். அவர் குரல்தான். உடம்பெல்லாம் வேர்த்து, காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

கட்டிப்போட்டா வளர்க்க முடியும்? கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். போன இடத்திலும் கண் வானத்தைத்தான் பார்க்கும், வெயில் எங்கே ஏறியிருக்கிறது என்று. ஏறினதும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால் கிணற்றுக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்து மண் அவள் தொடைக்குக் கீழே பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் தவழ்ந்து போய்ப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அன்றைக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊரில் வைத்திருந்தால் இவளும் எனக்கு இல்லை என்று.

கிருஷ்ணகிரிப் பக்கம் கன்னியர் நடத்துகிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கேயே தங்கிப் படிக்கலாம். கிணறு கண்ணில் படாது, கூட நாலு பிள்ளைகள் இருக்கும், சிஸ்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மாசாமாசம் கட்டுகிற காசை நான் கனவில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் சுற்றுவட்டத்துக் கோவில்களுக்கு வருஷத்துக்கு காசு வாங்காமல் சேர்க்கிற தருமப் பிள்ளை ஒன்றே ஒன்று, அவ்வளவுதான். அது யார் என்பதைப் பங்குச் சாமி வீடு வீடாகப் போய்ப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். எங்கள் ஊரில் இரண்டு வீடு பார்க்கப் போகிறார், ஒன்று உன் வீடு, இன்னொன்று சவரியப்பன் வீடு என்று கோவில் உபதேசியார் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

சாமி வீட்டுக்கு வருகிறார் என்றால் நம் ஜனங்கள் என்ன செய்வோம்? நீங்களே சொல்லுங்கள். நான் சுவருக்கு வெள்ளை அடித்தேன். மணியக்காரர் வீட்டு நாற்காலியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தேன். பக்கத்து நிலத்துக் கவுடர் வீட்டு நஞ்சம்மா கன்னடம் பேசுகிறவள், நல்ல மனசுக்காரி, பித்தளைக் குடம், சொம்பு, தட்டு எல்லாம் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தாள். அவளே தன் புதுப் பாயையும் கொண்டுவந்து விரித்தாள். வீட்டில் இருந்த ஒரே பெட்டைக்கோழியை அடித்துக் குழம்பு வைத்து, அரிசிச் சோறும் ஆக்கினேன். நிச்சயமாகச் சொல்கிறேன், பணக்காரி வேஷம் போட வேண்டும் என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. கடவுளுடைய ஆள் நம் வாசல்படி ஏறுகிறார், மண்சட்டியிலா தண்ணீர் கொடுப்பது?

சவரியப்பன் விவரமானவன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆசை ஆசையாய் வாங்கிய ஜோடி எருதை விடியற்காலையிலேயே மச்சினன் ஊருக்கு ஓட்டிவிட்டான். தானியக் குதிர் மேல் கிழிந்த கோணியைப் போட்டு மூடினான். பெண்சாதியைப் பழைய புடவை கட்ட வைத்தான்.

சாமி சைக்கிளில் வந்தார். தெற்குச் சீமைக்காரர், இந்தப் பக்கத்துக்குப் புதுசு. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பித்தளைச் சொம்பில் தண்ணீர் குடித்தார். கோழிக் குழம்பில் நாலு வாய் சாப்பிட்டார். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை என்னவென்று அப்போது புரியவில்லை, வெள்ளை அடித்ததைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டுச் சொன்னார்:

"ஆண்டவர் உனக்குக் குறை வைக்கலைம்மா. ஒண்ணுமில்லாதவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அந்த இடத்தை அவங்களுக்கு விட்டுக்கொடு. பிள்ளையை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பு."

இது என் நாற்காலி இல்லை சாமி, இது என் சொம்பு இல்லை சாமி என்று சொல்ல நாக்கு துடித்தது. வீட்டுக்கு வந்த பெரியவரிடம் நீங்கள் உட்கார்ந்தது இரவல், குடித்தது இரவல் என்று எப்படிச் சொல்வது? சாமி சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு சவரியப்பன் வீட்டைப் பார்த்துப் போய்விட்டார். செசிலி மூலையில் உட்கார்ந்து அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணியக்காரர் வீட்டு ஆள் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். நஞ்சம்மாவும் வந்துவிட்டாள். "நம்ம வீட்டுக்கு நெண்டரு வந்திருக்காரு ஆரோக்கியா, சொம்பு பேகா கொடும்மா" என்று, வந்திருக்கிற சொந்தக்காரருக்காக அவசரப்படுத்தி, தன் சாமான்களை எல்லாம் இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு ஓடினாள். பாயும் போயிற்று. மண்சட்டி இரண்டும் ராகிக் கல்லும் நானும்தான் மிச்சம். நாற்காலி இருந்த இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தோணியாரிடம் சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஊரெல்லாம் காணாமல் போட்ட பொருளைத் தேடித் தருகிறாய், ஆடு காணோம் என்றால் தருகிறாய், மாடு காணோம் என்றால் தருகிறாய். என் பிள்ளை என் கண்ணெதிரே காணாமல் போய்க்கொண்டிருக்கிறாளே, உனக்குத் தெரியவில்லையா?" என்று கத்தினேன். கத்திவிட்டு நிமிர்ந்தால் மூலையில் செசிலி இல்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

எழுந்து ஓடுவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. சாமி நின்றுகொண்டிருந்தார். குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், எடுக்க வந்திருக்கிறார். உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலி இல்லை, குடம் இல்லை, பாய் இல்லை. வெள்ளையடித்த நாலு சுவர்தான் இருந்தது.

"ஏம்மா, இங்க இருந்ததெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"சாமி, பிள்ளை கிணத்துக்குப் போயிட்டா" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். குடையும் கையுமாக அவரும் பின்னாலேயே ஓடி வந்தார்.

செசிலி கிணற்று ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அலறப் போனேன். சாமி கையமர்த்தினார். அங்கியோடு மண்ணில் குப்புறப் படுத்து, மெல்ல நகர்ந்து போய் அவள் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்புறம் சாவகாசமாக, "யாரைப் பார்க்குற பாப்பா?" என்று கேட்டார்.

பாவாடையைப் பிடித்தவர் யார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் இருந்த குடையைப் பார்த்தாள். அப்பன் போன நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, வாயைத் திறந்தாள்.

"குடைய மறந்துட்டுப் போனீங்க, திரும்பி வந்துட்டீங்க இல்ல சாமி? எங்கப்பாவும் வர்றேன்னுதான் சொல்லுச்சு."

சாமி அந்த மண்ணிலேயே முகத்தை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன். மெதுவாக அவளைப் பின்னுக்கு இழுத்து, வேப்பமர நிழலுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார். நான் நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன், திரியைப் பற்றி, மூடின பெட்டியைப் பற்றி, நஞ்சம்மா சொம்பைப் பற்றி. கேட்டுக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது குடையை செசிலி மடியில் வைத்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும். அந்தோணியார் திருநாளுக்கு முன்னால இதை வாங்க நான் வருவேன். அதுவரைக்கும் பத்திரமா வச்சிக்கிறியா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

என்னிடம் தனியாக மட்டும், "அந்த இடத்தை இப்பத்தான் சவரியப்பன் பிள்ளைக்குன்னு சொல்லிட்டு வந்தேன்மா. சொன்ன சொல்லைத் திருப்ப முடியாது. அந்தப் பிள்ளை என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டு, வெயிலில் குடையில்லாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

மறுநாள் உச்சி வேளைக்கு நான் கிணற்றுக்கு ஓடினேன். செசிலி அங்கே இல்லை. எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல் ஊர்ப் பக்கம் ஓடி வந்தால், ரோட்டோரத்தில் புளியமரத்தடியில் நிற்கிறாள், விரித்த கறுப்புக் குடையோடு, சாமி சைக்கிளில் போன கிருஷ்ணகிரிப் பக்கம் பார்த்துக்கொண்டு. அதற்கு அடுத்த நாளும் அங்கேதான் நின்றாள். என் பிள்ளை காத்திருக்கிற இடத்தை மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிரோடு ஒரு பயமும் வந்தது. அந்த மனிதர் வராவிட்டால்? ஊரில் வேறு பேச்சு. பித்தளையும் நாற்காலியும் போட்டுக் கோழியடித்துத் தின்கிறவளுக்கு எதற்குத் தருமம் என்று கோவில் வாசலிலேயே என் காதுபடச் சொன்னார்கள். சவரியப்பன் எருதுகள் திரும்பி வந்து ஜம்மென்று ஏர் இழுத்தன. எனக்குப் பற்றி எரிந்தது. நேர்மையாக விருந்து வைத்தவளுக்கு இல்லை, ஒளித்து வைத்தவனுக்கு உண்டா என்று பல்லைக் கடித்தேன். ஆனால் நாள் ஆக ஆக அந்தக் கோபமும் அடங்கி, ஒரே ஒரு செபம்தான் மிஞ்சியது. "ஆண்டவரே, இடம் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. அந்த மனுஷனை மட்டும் வர வை. இன்னொரு ஆளும் வர்றேன்னு சொல்லி வராமல் போனால் என் மகள் மறுபடி கிணற்றுக்குத்தான் போவாள்." செபமாலையைச் சொல்ல உட்கார்ந்தால் அருள்நிறை மந்திரத்துக்கு நடுவிலும் இதுதான் வாயில் வந்தது.

அந்தோணியார் திருநாள் வந்தது. சாமி வரவில்லை. வேறொரு சாமியார் வந்து பூசை வைத்துவிட்டுப் போனார். திருநாளுக்கு மறுநாள் செசிலி சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள், அவர் முதலில் சாய்த்து வைத்த அதே இடத்தில். வெயில் ஏறியது. அவள் எழுந்து நின்றாள். நான் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டிப் போக வந்தாள். அவள் கால் இரண்டையும் கட்டிக்கொண்டு, "போவாத கண்ணு, எனக்காவது ஒரு பதில் சொல்லிட்டுப் போ" என்று கதறினேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் சைக்கிள் மணி அடித்தது.

சாமி இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். அன்றைக்கு வெயிலில் போனவருக்கு விஷக் காய்ச்சல் கண்டு, எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்திருக்கிறார். இன்னும் போகக் கூடாது என்று தடுத்தவர்களை மீறி வந்திருக்கிறார். என்னை அவர் பார்க்கவே இல்லை. நேராக செசிலியிடம் போய், "தாமசமாயிடுச்சு பாப்பா. வர்றேன்னு சொன்னேன் இல்ல, வந்துட்டேன். எங்க என் குடை?" என்று கேட்டார். அவள் குடையை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஓவென்று அழுதாள். அப்பன் செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதாள். சாயங்காலம் வரைக்கும் அழுதாள். சாமியும் நானும் அழ விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் தருமப் பிள்ளைக்கு இடம் ஒன்றுதான். அது சவரியப்பன் மகளுக்கே இருந்தது. ஆனால் சாமி படுக்கையில் கிடந்தபடியே கன்னியர் மடத்துத் தாயாரை வரவழைத்துப் பேசியிருக்கிறார். படுக்க இடம் கொடுக்கலாம், சாப்பாட்டுக்கு வழி பண்ணுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு சாமி பூசைப் பிரசங்கத்தில் வேறு எதையும் பேசவில்லை. "நான் இந்த ஊரில் இரண்டு வீட்டில் ஏறினேன். ஒரு வீட்டில் எனக்காக இல்லாததை எல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு விதவைக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன். யாருக்கு உதவி தகும் என்று தீர்ப்புச் சொல்லப் போன நான் பார்க்கத் தெரியாதவனாக இருந்தேன்" என்றார். இன்னொரு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம், ஒவ்வொரு வீட்டிலும் களிக்கு மாவெடுக்கும்போது ஒரு பிடி ராகி தனியாகப் போட்டு வையுங்கள், அது அந்தப் பிள்ளையின் சாப்பாடு என்றார்.

போட்டார்கள். என்னைப் பற்றிப் பேசியவர்களின் கைகள்தான் பிடி ராகி போட்டன. மாதா கோவிலுக்கே வராத நஞ்சம்மாவும் ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனாள். மாதக் கடைசியில் சேர்ந்த மூட்டையை யார் அவ்வளவு தூரம் கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வண்டி வந்து நின்றது. சவரியப்பன். ஒளித்து வைத்த அதே ஜோடி எருது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டான். மாசாமாசம் போட்டான். மடத்து வாசலில் அந்த எருதுகளைப் பார்த்த சாமி, அவற்றின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "நல்ல மாடு சவரியப்பா" என்று மட்டும் சொன்னாராம். இதைச் சவரியப்பனே சொல்லிச் சிரிப்பான், இப்போதும் அதோ பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு செசிலி வந்தாள். வீடு நிறையப் பேச்சு. சிஸ்டர் இதைச் சொன்னார், சவரியப்பன் மகள் குறட்டை விடுகிறாள் என்று ஓயாமல் பேசினாள். வந்த இரண்டாம் நாள் வெயில் ஏறியதும், "அம்மா, கிணத்துக்குப் போலாம் வா" என்றாள். அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன். நிலத்துக்காரர் அதற்குள் சுற்றிலும் முள் போட்டு அடைத்திருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு பேரும் செத்தவருக்காகச் சொல்கிற நித்திய இளைப்பாற்றி செபம் சொன்னோம். முடிந்ததும் அவள் வேலி மேல் எட்டி, முன்பு கூப்பிட்ட அதே மாதிரி கூப்பிட்டாள்.

"அப்பா, நீ வர வேணாம். நாங்கதான் உங்கிட்ட வரணுமாம், சிஸ்டர் சொன்னாங்க. ஆனா இப்ப இல்ல. எனக்குப் பெரிய பரீட்சை இருக்குது."

சொல்லிவிட்டு என் கையை இழுத்துக்கொண்டு நடந்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை.

சகோதர சகோதரிகளே, உங்களில் யாருக்காவது செபம் கேட்கப்படவில்லை என்று தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். வருகிறவர் வழியில் காய்ச்சலோடு கிடக்கலாம். பிடி ராகி போடுவதை நிறுத்தாதீர்கள். இப்போதெல்லாம் தருமப் பிள்ளைக்காக வீடு பார்க்கப் போகிற சாமியோடு நானும் போகிறேன். போனதும் பித்தளைச் சொம்பைத் திருப்பி, யார் வீட்டுப் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். அந்த வீட்டுப் பெயர் இல்லையென்றால், மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை யார் என்று அடுத்துப் பார்ப்பேன்.

உச்சி வேளையில் அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் எனக்குச் சில சமயம் அந்தக் குரல் கேட்கிறது. முன்பு போல ஓடி ஒளிவதில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "இருங்க, வர்றோம். பிள்ளை படிக்கிறா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன்.